ஃபவுல் போடவே பிறந்த ப்ரோட்ரோமோஸ்

கவாலா துறைமுகத்தில் மத்தி மீன் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போன பதினாறு வயது ப்ரோட்ரோமோஸை, ப்ரோமாகோஸ் சங்கத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வீரோன் கண்டெடுத்த நாளைப் பிற்பாடு ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் வரலாற்றுச் சந்திப்பு என்று எழுதினார்கள். வரலாறுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. வீரோன் மீன் வாங்க வந்திருந்தார். ஏலக் கொட்டகையின் கதவு நிலையில் எவனுடைய தலையோ 'ணங்'கென்று இடித்தது. சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். அந்த நிலையில் தலை இடிக்குமளவுக்கு அந்த ஊரில் அதுவரை யாரும் வளர்ந்ததில்லை.

நாடே கூடைப்பந்துப் பித்துப் பிடித்து அலைந்த நேரம் அது. முந்தின ஆண்டுதான் கிரீஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. துணி காயப்போடும் முற்றங்களிலெல்லாம் இரும்பு வளையம் முளைத்திருந்தது. சங்கங்கள் மழைக்காலத்தில் காளான் தேடுவதுபோல உயரமான பிள்ளைகளைத் தேடித் திரிந்தன. உயரம் இருந்தால் சரி. கையும் காலும் சொன்னபடி கேட்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

வீரோன் அன்று மாலையே பையனின் அப்பாவைத் தேடிப் போனார். இயோர்தானிஸ் டெர்சிடிஸ் மத்திப் படகுக்காரர். படகின் விளிம்பில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இயோர்தானிஸ் அண்ணே, உங்க பையனை எங்ககிட்ட விடுங்க. ரெண்டே வருஷத்துல ஆளாக்கிக் காட்டறேன்."

"இப்ப மட்டும் என்ன, ஆடாவா இருக்கான்?"

"அதில்லண்ணே. பந்தைக் கொண்டுபோய் வலையில போடற ஆட்டம். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ..."

"டிவில பார்த்தேன்யா. உங்க வலைக்கு அடியே இல்லையே. எதைப் போட்டாலும் கீழ விழுந்துடுது. அப்படி ஒரு வலையை என் படகுக்கு எவனாவது கொண்டாந்தா, வலையோட சேர்த்து அவனையும் கடல்ல தள்ளுவேன்."

ஆனாலும் விட்டுவிட்டார். படகில் அந்த உடம்புக்குப் படுக்க இடமில்லை. நிமிர்ந்தால் கூரை, நீட்டினால் இயந்திரம். வீரோனுக்கு இந்தக் காரணம் தெரியாது. தன் பேச்சில் மயங்கித்தான் கிழவர் பிள்ளையைக் கொடுத்தார் என்று அவர் கடைசிவரை நம்பினார்.

பையனைக் கூட்டிக்கொண்டு வந்து பந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவன் கையில் பந்து எண்ணெய் தடவின தர்பூசணியாக வழுக்கியது. பக்கத்தில் நின்றவனுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டால் அது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு மனிதரின் மடியில் போய் உட்காரும். ஓடும்போது முழங்காலும் முழங்கையும் ஆளுக்கொரு திசையில் போகும். அரங்கத்தில் முதல் மாதமே அவனுக்கு 'நாரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயலில் நிற்கிற நாரைக்காவது இரை பிடிக்கத் தெரியும்.

மூன்றாவது வருஷம் வீரோன் அவனை உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டேய், உனக்குக் கை கிடையாது. கண்ணு கிடையாது. காலைப் பத்திப் பேசாம விடறேன். ஆனா உடம்பு இருக்கு. கதவு மாதிரி இருக்கு. போய் நில்லு. எவன் நல்லா ஆடறானோ அவன்மேல விழு. புரிஞ்சுதா?"

"ஃபவுல் குடுப்பாங்களே, கோச்?"

"குடுக்கட்டும். அஞ்சு வரைக்கும் குடுக்கலாம். அஞ்சும் உன்னுதுதான்."

ஓர் ஆட்டத்தில் ஒருவனுக்கு ஐந்து ஃபவுல். ஐந்தாவதைப் போட்டதும் வெளியேறி பெஞ்சில் உட்கார வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் அந்த ஐந்தையும் எடுத்துச் செலவழிக்கவே பயப்படுவார்கள். ப்ரோட்ரோமோஸ் கல்யாண மாப்பிள்ளையின் தலையில் அரிசி இறைப்பதுபோல இறைத்தான். எதிரணியில் யாருக்குக் கை சூடாகி எறிந்ததெல்லாம் விழுகிறதோ, அவன் எதிரே இவனை இறக்கிவிடுவார்கள். இடுப்பால் ஓர் இடி, தோளால் ஒரு தள்ளு, நடுவர் திரும்பிய நேரம் பார்த்து விலாவில் ஒரு முழங்கை. கொஞ்ச நேரத்தில் எதிராளி வளையத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுத் தன் விலா எலும்பைப் பற்றி யோசிக்கத் தொடங்குவான். இவன் ஐந்தையும் முடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவான். இதுதான் தொழில். இதற்குப் பெயர் கூடைப்பந்து வாழ்க்கை.

அவன் அடித்த புள்ளிகளைவிட அவன் அடித்த ஆட்கள் அதிகம். ஆனால் கவாலாக்காரர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. கலைநயமாக ஆடுகிறவனை அவர்கள் மதித்தார்கள். ஆளைக் கீழே தள்ளுகிறவனை நேசித்தார்கள். கடைத்தெருக் கசாப்புக்காரர் ஒருவர் 'நம்ம தொழில்காரன்டா இவன்' என்று ஒவ்வொரு வெற்றிக்கும் கட்டுக்கட்டாகச் சாசேஜ் அனுப்பினார். பத்திரிகைகள் அவனைக் கோட்டைத் தூண் என்று எழுதின. தூணுக்குப் பந்து பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஆகவே பொருத்தமான பெயர்தான்.

சங்கத் தலைவர் தியாமாந்திஸ் பளிங்குக் குவாரி முதலாளி. 'புகை பிடிக்காதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து சுருட்டு பிடிப்பார். ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. தன் ஆள் கீழே விழுந்தால் எழுந்து கத்த வேண்டும், எதிராள் விழுந்தால் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். விளையாட்டுக்காகவே வாழ்கிற மனிதர் என்று அவருக்குப் பதக்கம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

தெசலோனிக்கியின் வார்தாரிஸ் சங்கம் கவாலாவுக்கு ஆட வந்தது ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில். ப்ரோட்ரோமோஸுக்கு அப்போது இருபத்துநாலு வயது. வார்தாரிஸில் ஸ்டெர்ஜியோஸ் என்று ஒருவன் இருந்தான். 'வயலின்' என்று கூப்பிடுவார்கள். பந்தை எறிந்துவிட்டு அவன் வலது மணிக்கட்டு மெதுவாக மடங்கி நிற்கும் அழகுக்காக வந்த பெயர். அவனும் புனிதன் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கூடைக்கும் பிறகு தலைமுடியைக் கோதிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்ப்பான். ஆனால் ஆட்டம் ஆட்டம்தான். கவாலாக்காரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ரசித்தார்கள்.

முதல் பாதியில் ப்ரோட்ரோமோஸ் அவனை இடிக்கப் போனான். ஸ்டெர்ஜியோஸ் சற்றே விலகினான். இவன் காற்றை இடித்துக்கொண்டு போய்த் தரையில் நீட்டி விழுந்தான். ஸ்டெர்ஜியோஸ் குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுவிட்டு எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"நாரையாரே, பார்த்து விழுங்க. பாவம், தரை புதுசு."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. வந்தவர்கள் சிரித்தால் பரவாயில்லை. சாசேஜ் அனுப்புகிற கசாப்புக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ப்ரோட்ரோமோஸுக்குக் காது மடல் எரிந்தது.

இடைவேளையில் தலைவர் தியாமாந்திஸ் சுருட்டோடு அறைக்குள் வந்தார். பயிற்சியாளரை ஒரு நாற்காலியைத் தாண்டுவதுபோலத் தாண்டி நேராக இவனிடம் வந்தார்.

"அந்த வயலினை நிறுத்துடா."

"எப்படித் தலைவரே?"

"என்னைக் கேட்டா? நான் கல்லு உடைக்கறவன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

இரண்டாம் பாதியில் ஸ்டெர்ஜியோஸ் வளையத்தை நோக்கித் தனியாகப் பாய்ந்து எழும்பினான். பின்னாலிருந்து வந்த ப்ரோட்ரோமோஸ் பந்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான். மேலிருந்து கீழே, கோடாலி இறங்குவதுபோலத் தன் முன்கையை இறக்கினான். ஸ்டெர்ஜியோஸ் வலது கை அடியில் சிக்க விழுந்தான். காய்ந்த பிரம்பு முறிகிற சத்தம் முன்வரிசைவரை கேட்டது.

சத்தம் கேட்டதும் அரங்கம் வாயடைத்துப் போகும் என்று ப்ரோட்ரோமோஸ் நினைத்தான். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஸ்டெர்ஜியோஸ் தரையில் உட்கார்ந்து, இடது கையில் வலது கையை ஏந்திக்கொண்டு, வேறு யாருடையதோ என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ப்ரோமாகோஸ் ஜெயித்தது. ப்ரோட்ரோமோஸைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவன் பாரம் தாங்காமல் ஆள் மாற்றி மாற்றி, துறைமுகத்துக் கடைவரைக்கும் கொண்டுபோனார்கள். சீப்புரோச் சாராயமும் வறுத்த நெத்திலியுமாக மேசை நிறைந்தது. சிகரெட் வாங்க உள்ளே வந்த இயோர்தானிஸ் மகன் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் நின்றார்.

"ஜெயிச்சீங்களாமே."

"ஆமாப்பா."

"அந்தப் பையன்?"

"கை... மணிக்கட்டு."

"எந்தக் கை?"

"வலது."

கிழவர் சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்தவன் வலையை அறுக்கறவனை நானும் கடல்ல பார்த்திருக்கேன். அறுத்துட்டு இருட்டுல ஓடிடுவான், முகத்தைக் காட்டமாட்டான். அறுத்துட்டு வந்து ஊரான் தோள்மேல ஏறி உக்காந்தவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

மேசையில் ஒருவன், "பெரியவரே, ஆட்டம்னா அப்படித்தான்" என்றான்.

"நீ நெத்திலியைத் தின்னு" என்று சொல்லிவிட்டு இயோர்தானிஸ் போய்விட்டார்.

அடுத்த வாரம் ப்ரோட்ரோமோஸ் பக்கத்து ஊர் நேயா கர்வாலியில், சர்க்கரைப் பொடி தூவின குராபியே பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து தெசலோனிக்கிக்குப் போனான். ஸ்டெர்ஜியோஸ் இருந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே பெட்டிக்கடை ஒன்று இருந்தது. அதன் நிழலில் நின்று வாசலைப் பார்த்தான். உள்ளே போய் என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டான். கொஞ்ச நேரத்தில் பெட்டி காலி. கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளைச் சர்க்கரை. மாவு மில்லிலிருந்து வந்தவன்போல அப்படியே திரும்பி பஸ் ஏறினான். ஒருவனுடைய மனச்சாட்சி இவ்வளவு இனிப்பாக அவன் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதோடு அவன் மனம் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. சங்கம் சம்பளத்தை உயர்த்தியது. அவன் பெஞ்சிலிருந்து எழுந்து ஆட இறங்க மேல்சட்டையைக் கழற்றினாலே எதிரணி நட்சத்திரங்களுக்குத் திடீரென்று தொடை பிடித்துக்கொண்டது. அங்கே ஸ்டெர்ஜியோஸுக்குத் திரும்பத் திரும்ப அறுவை நடந்தது. ஒரு பருவம் ஆடிப் பார்த்தான். பந்து வளையத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. காலணியைக் கழற்றி வைத்துவிட்டான். பத்திரிகைகள் இரண்டு நாள் கண்ணீர் விட்டன. மூன்றாம் நாள் வேறொரு வயலினைக் கண்டுபிடித்துவிட்டன.

காலம் ப்ரோட்ரோமோஸையும் விட்டுவைக்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல்போலக் கிறீச்சிட்டன. தலைவர் தியாமாந்திஸுக்கு அப்போது கால்பந்தின் மேல் காதல் வந்திருந்தது. புதுக் காதலிக்காகப் பழைய வீட்டைப் பூட்டுகிறவர்போலக் கூடைப்பந்தைக் கைகழுவினார். சங்கம் கைமாறியது. புது நிர்வாகம் ப்ரோட்ரோமோஸை வரவேண்டாம் என்று சொன்னது. அதையும் நேரில் சொல்லவில்லை. அலுவலகத்துப் பெண் போன் செய்து, 'லாக்கர் சாவியை வாசல்ல குடுத்துட்டுப் போயிடுங்க' என்றாள்.

அந்தக் கோடையில் இன்னொரு போன் வந்தது.

"நான் ஸ்டெர்ஜியோஸ் பேசறேன். தெசலோனிக்கிக்கு வா, காபி குடிக்கலாம்."

கடற்கரைச் சாலைக் காபிக் கடையில் ஸ்டெர்ஜியோஸ் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். முடி கொட்டிப்போயிருந்தது. கோப்பையை இடது கையால் எடுத்தான். இப்போது அவன் வார்தாரிஸ் சங்கத்தின் அணி மேலாளர். முகத்தில் குத்து விழும், அல்லது காபியாவது விழும் என்று எதிர்பார்த்து ப்ரோட்ரோமோஸ் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

"பயப்படாத. உக்காரு. முழங்கால் எப்படி?"

"ஓடுது. ஸ்டெர்ஜியே, நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு..."

"அதை விடு. எனக்கு ஒரு கசாப்புக்காரன் வேணும். எங்க அணியில எல்லாரும் ரொம்ப மரியாதைக்காரங்களா இருக்காங்க, இடிச்சா மன்னிப்புக் கேக்கறாங்க. நாடு முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். இருக்கறதுலயே நல்ல கசாப்பு நீதான். எனக்கு அனுபவம் இருக்கு பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ப்ரோட்ரோமோஸ் கோப்பையைப் பார்த்தான். கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊருக்குப் போயிருப்பான். இப்படி வேலை கொடுத்தால் என்ன செய்வது? மீன் பெட்டி தூக்கவும் இனி முழங்கால் ஒத்துழைக்காது. சரி என்றான்.

முதல் ஆட்டத்தில் வார்தாரிஸ் ரசிகர்கள் தங்கள் சொந்த ஆட்டக்காரன்மேலேயே காபிக் கோப்பைகளை எறிந்தார்கள். 'வயலினை உடைச்ச நாயே!' என்று கத்தினார்கள். காதலில் தோற்றவனைப்போல ஒருவன் நிஜமாகவே அழுதான். அன்றைக்கே ப்ரோட்ரோமோஸ் ஏதென்ஸ் அணியின் பெரிய ஆட்டக்காரன் ஒருவனை விளம்பரப் பலகையைத் தாண்டித் தூக்கிப் போட்டான். கோப்பைகள் நின்றன. பருவம் பாதி தாண்டுவதற்குள் அவன் பெயரில் பாட்டுக் கட்டிவிட்டார்கள். அதே வாய், அதே தொண்டை. அழுதவன்தான் முரசு அடித்தான்.

ஆனாலும் வார்தாரிஸ் தோற்றுக்கொண்டேயிருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தபோது, அதில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும் என்ற நிலை. அந்த ஆட்டம் கவாலாவில், ப்ரோமாகோஸுக்கு எதிராக.

ப்ரோட்ரோமோஸ் அரங்கத்துக்குள் கால் வைத்ததும் துரோகி, விலைபோனவன் என்று வசவு பொழிந்தது. கசாப்புக்காரர் குறி பார்த்து ஒரு தயிர்ச் சட்டியை எறிந்தார். அது ப்ரோட்ரோமோஸின் தோளில் விழுந்து வழிந்தது. நல்ல ஆட்டுப்பால் தயிர். ஆளை மதித்துத்தான் எறிந்திருக்கிறார்.

ப்ரோமாகோஸில் தியோகாரிஸ் என்று புதிதாக ஒருவன் வந்திருந்தான். இருபத்திரண்டு வயது. பந்து அவன் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வார்தாரிஸின் மரியாதைக்காரர்கள் யாரும் அவனை நிறுத்தவில்லை. இடைவேளைக்குள் ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெர்ஜியோஸ் அறைக்குள் வந்தான். கூட்டத்தைத் தாண்டி ப்ரோட்ரோமோஸின் எதிரே வந்து நின்றான். தன் வலது கையைத் தூக்கி, பாதிவரைக்கும் மட்டுமே மடங்குகிற அந்த மணிக்கட்டை ஒரு தரம் மடக்கிக் காட்டினான். பிறகு கதவுக்கு வெளியே, தியோகாரிஸ் இருக்கும் பக்கம், முகவாயால் சுட்டினான்.

ப்ரோட்ரோமோஸ் தன் தயிர்த் தோளைத் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே ஸ்டெர்ஜியோஸின் கண்களைப் பார்த்தான். சுருட்டு மட்டும்தான் இல்லை. மற்றபடி அது தியாமாந்திஸ் தலைவரின் பார்வை. வயலினுக்குள்ளும் ஒரு குவாரி முதலாளி உட்கார்ந்திருந்தான் என்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த முதலாளியை உள்ளே உட்காரவைத்தது தன் முன்கைதான் என்பதும் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. தியோகாரிஸ் தனியாகப் பாய்ந்து வந்தான். ப்ரோட்ரோமோஸ் எதிரே போனான். கை தானாக மேலே எழுந்தது. அத்தனை வருஷப் பழக்கம். எழுந்த கையை அவன் இறக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, அந்த இளைஞனைப் பந்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். கீழே விழாமல் தாங்கி, முட்டைக் கூடையை இறக்கிவைப்பதுபோலத் தரையில் நிற்கவைத்தான்.

நடுவர் ஊதினார். ஃபவுல். அரங்கம் ஒரு நிமிஷம் குழம்பியது. யாரோ ஒருவன் சிரித்தான்.

இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை தியோகாரிஸ் எழும்பியபோது ப்ரோட்ரோமோஸ் இடுப்பில் கை கொடுத்து அவனைக் காற்றிலேயே பிடித்து, அலுங்காமல் இறக்கினான். இப்போது அரங்கமே சிரிப்பில் உருண்டது.

"டேய், பாதிரியாரைக் கூப்பிடுங்கடா, கல்யாணத்தை முடிச்சு வெச்சுடலாம்!"

"வரதட்சணை என்ன குடுக்கறே ப்ரோட்ரோமே?"

வார்தாரிஸ் பயிற்சியாளர் அவனை வெளியே எடுக்கக்கூட மறந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான்காவது அணைப்பில் தியோகாரிஸ் பொறுமை இழந்தான்.

"பெருசு, விடுய்யா! அடிக்கறதுன்னா அடி. பூண்டு நாத்தம் தாங்கல."

"பொறுத்துக்கோ. இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றான் ப்ரோட்ரோமோஸ்.

அவன் அத்தனை வருஷம் ஆடியதில், எலும்பில் வலிக்காமல் வேறெங்கோ வலித்த ஆட்டம் அது ஒன்றுதான். முன்பு ஒரு சிரிப்புக்கே காது மடல் எரிந்தவன். இப்போது இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. கசாப்புக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வார்தாரிஸ் முரசுக்காரன் சிரிக்க முடியாமல், அடிக்கவும் முடியாமல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். ப்ரோட்ரோமோஸ் ஐந்தாவது ஃபவுலையும் அணைத்தே முடித்தான். தியோகாரிஸின் சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். வார்தாரிஸ் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்குப் போனது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, குளிக்கும் இடத்துக்குப் போகும் நடைபாதையில் ஸ்டெர்ஜியோஸ் சுவரில் சாய்ந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"சங்கத்தையே முழுக அடிச்சுட்டே."

"ஆமா."

"வேணும்னுதானே செஞ்சே?"

"வேணும்னுதான்."

ஸ்டெர்ஜியோஸ் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டபோது குரல் மாறியிருந்தது. "இப்படிப் பிடிக்கத் தெரியும்னா, அன்னிக்கு என்னை ஏன்டா பிடிக்கல?"

ப்ரோட்ரோமோஸ் பதிலை ஜோடித்துச் சொல்லத் தெரிந்தவனில்லை. "அன்னிக்கு நீ என்னை நாரைன்னு சொல்லிச் சிரிக்கவெச்சே. தலைவர் நிறுத்துன்னு மட்டும்தான் சொன்னாரு. உடைக்கணும்னு நினைச்சது நான்."

"ஒரு சிரிப்புக்கா?"

"ஒரு சிரிப்புக்குத்தான்."

ஸ்டெர்ஜியோஸ் அவனை அடிக்க வலது கையை ஓங்கினான். ஓங்கியவன் அந்தக் கையால் அடித்தால் யாருக்கு வலிக்கும் என்று நினைத்தானோ என்னவோ, கீழே போட்டுவிட்டான். "போ, குளி. தயிர் நாறுது" என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்த வாரமே வார்தாரிஸ் நிர்வாகம் இருவரையும் வெளியே அனுப்பியது. அவர்கள் நண்பர்களாகவில்லை. ஆக வேண்டிய காரணமும் இல்லை.

இயோர்தானிஸ் கிழவர் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்திருந்தார். மகன் வீட்டுக்கு வந்தபோது வறுத்த மத்தி ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

"ஊரே சிரிக்குது" என்றார்.

"தெரியும்பா."

"சிரிக்கட்டும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோ."

அதற்கு மேல் அவரிடமிருந்து யாரும் பாராட்டு வாங்கியதில்லை.

விடைபெறும் விழா, பூங்கொத்து, சட்டை எண்ணைக் கூரையில் தொங்கவிடுவது எதுவும் நடக்கவில்லை. வீரோன் மட்டும் வானொலியில், தன்னுடைய கண்டுபிடிப்புகளிலேயே மோசமானது எது என்று கேட்டதற்கு அவன் பெயரைச் சொன்னார். தியோகாரிஸ் ஏதென்ஸுக்குப் போய்ப் பெரிய ஆளானான். பேட்டிகளில் தன்னைத் தடுத்தவர்களையெல்லாம் பட்டியலிட்டான். தன்னைப் பத்திரமாக இறக்கிவைத்தவனை மறந்துபோனான். இரண்டு மணிக்கட்டும் நன்றாக இருக்கிறவனுக்கு அதெல்லாம் ஏன் ஞாபகம் இருக்கப்போகிறது.

ப்ரோட்ரோமோஸ் இப்போது கெரமோத்தியிலிருந்து தாசோஸ் தீவுக்குப் போகிற படகில் வேலை செய்கிறான். வண்டிகளைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றி நெருக்கி அடுக்குகிற வேலை. முழங்காலுக்கு ஆகாது, ஆனால் நின்று கையசைத்தால் போதும், தூரத்திலிருந்தே தெரிகிற உயரம். போன ஆகஸ்டில், கூரையில் காற்று மெத்தைகள் கட்டிய வண்டியில் தெசலோனிக்கிக்காரன் ஒருவன் வந்தான். கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தான்.

"நீ எங்க வார்தாரிஸை முழுக அடிச்சவன்தானே? படகையும் முழுக அடிச்சுடாதேப்பா."

"இடது பக்கம் ஒடி" என்றான் ப்ரோட்ரோமோஸ். "இன்னும் வா. இன்னும். அந்தக் கம்பிவரைக்கும் வா... நிறுத்து."

"இவ்வளவு ஓரமாவா? கதவைத் திறந்தா கடல்ல இல்ல விழுவேன்?"

"திறக்காத. உள்ளயே உக்காரு. முழுகினா முதல்ல உனக்குத்தான் தெரியணும்னு நல்ல இடமாப் பார்த்துக் குடுத்திருக்கேன்."

சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் காலால் தள்ளிச் செருகிவிட்டு, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பளிங்கு லாரியைப் பார்த்து, "வா வா, கத்தாதே, வா" என்று கையசைத்தான்.